மூன்று மாதம், ஒரே கூரை: திவெஹி காதல் படம் எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாலேயிலும் ஹுல்ஹுமாலேயிலும் அட்டூவிலும் இருந்துகொண்டு மாலத்தீவின் திவெஹி மொழியில் காதல் படம் எழுதுகிற, இயக்குகிற, அதற்குப் பணம் போடுகிற எல்லோருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் காயல்பட்டினத்துக்காரன். மாலேயில் கட்டுமானச் சாமான் விற்கும் கடை ஒன்றில் கணக்கெழுதிப் பிழைத்த காலத்தில் உங்கள் படங்கள் பழக்கமாயின. தூத்துக்குடித் தோணிகள் செங்கல், ஜல்லி, வெங்காயம் என்று ஏற்றிக்கொண்டு உங்கள் துறைக்கு வருவதும், உங்கள் மாசிக் கருவாடு எங்கள் சம்பலுக்கு வருவதும் நேற்று இன்று தொடங்கியதில்லை. அந்த உறவில் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். படம் எடுக்கத் தெரியாது, பார்க்கத் தெரியும். திவெஹி காதில் விழுந்தால் பாதிக்கு மேல் புரியும். அதன் தானா எழுத்தை வலமிருந்து இடமாகக் கூட்டிக் கூட்டிப் படித்துவிடுவேன்.

சொல்ல வந்தது ஒரே விஷயம். உங்கள் ஊரில் கல்யாணம் முறிகிற மாதிரி உங்கள் காதல் படங்களில் முறிவதில்லை.

நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை ஒரே அச்சு. பொறுமையின் வடிவமாக ஒரு மனைவி. குழந்தை இல்லை என்றோ, பழைய காதலி வந்துவிட்டாள் என்றோ மனம் மாறும் கணவன். உதட்டுச் சாயத்தை வைத்தே கெட்டவள் என்று கண்டுபிடித்துவிடக்கூடிய இன்னொருத்தி. இடைவேளைக்குச் சற்று முன் கணவன் தலாக் சொல்கிறான். கேமரா மனைவியின் முகத்தை மூன்று தடவை மூன்று பக்கமிருந்து காட்டுகிறது, வயலின் கதறுகிறது. அதற்குப் பிறகு அவளுக்கு வாழ்க்கையே இல்லை. ஒன்று நோய் வரும், அல்லது கணவன் திருந்தி வந்து காலடியில் உட்காருவான். விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை, அண்மைக் காலத்துப் படங்களில் அவை கூடியும் வருகின்றன. ஆனாலும் மாலே ஒலிம்பஸ் தியேட்டரில் அழுதுகொண்டே வெளியே வந்த கூட்டம் பெரும்பாலும் இந்தக் கதைக்குத்தான் அழுதது.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும். பல காலம் இந்திப் பாட்டின் மெட்டை எடுத்து திவெஹி வரி போட்டீர்கள். மெட்டோடு கதையும் வந்தது, கதையோடு கல்யாணம் பற்றிய நம்பிக்கையும் ஒட்டிக்கொண்டு வந்தது. இந்திப் படத்துக் கல்யாணம் ஏழு பிறவிக்கும் ஆனது. எங்கள் தமிழ்ப் படம் மட்டும் என்ன குறைச்சல்? தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டே முப்பது வருஷம் ஓட்டினோம். முறிந்தால் பெண்ணுக்கு நாதியில்லை என்று நினைக்கிற சமூகத்தில், முறிவதையே உலகம் அழிவது போலக் காட்டுவது பொருந்தும். பார்ப்பவளுக்கு உள்ளூரப் பயம் இருக்கிறது, படம் அந்தப் பயத்தைத் தொடுகிறது. உங்கள் ஊர்ப் பெண்ணுக்கு அந்தப் பயம் அப்படியே உண்டா?

ஐ.நா. கணக்கை வைத்து கின்னஸ் புத்தகம் உங்கள் நாட்டுக்கு ஒரு பட்டம் கொடுத்தது: ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 10.97 விவாகரத்து, உலகத்திலேயே அதிகம். முப்பது வயதுப் பெண் சராசரியாக மூன்று முறை விவாகரத்து ஆனவள் என்றும் அதிலேயே இருந்தது. அந்தச் சராசரியை நான் அப்படியே நம்புகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் மாலேயில் வாழ்ந்தவர்கள் யாரும் அதைக் கேட்டு மலைக்க மாட்டார்கள். எங்கள் கடையில் வேலை பார்த்த ஒரு தாத்தா, தெருவில் போகிற பெண்மணியைக் காட்டி “அவள் என் மனைவியாக இருந்தவள், நல்ல பெண்” என்பார். குரலில் கசப்பு இராது. அவளும் சலாம் சொல்லிவிட்டுப் போவாள். அவரைப் போல ஒருவரை உங்கள் படம் எதிலும் நான் சந்தித்ததில்லை.

இது ஏன் இப்படி என்பதற்குக் காரணங்கள் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கல்யாணத்துக்கு வெளியே உறவு வைத்தால் சட்டப்படி குற்றம், 2014-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்திலும் அதற்குக் கசையடி உண்டு. ஆகவே காதலித்தால் சீக்கிரம் நிக்காஹ். பெண்ணின் பொறுப்பாளராக ஒரு வலீ, இரண்டு சாட்சி, பெண்ணுக்குக் கொடுக்கும் மஹர் சிறு தொகையாக. முடிந்தது. நுழைவது எளிதென்பதால் வெளியேறுவதும் எளிதாக இருந்தது. பெண் தன் பெயரை மாற்றிக்கொள்வதில்லை, சொத்திருந்தால் அவள் பெயரிலேயே இருக்கும், மறுமணத்துக்கு முகம் சுளிப்பவர் இல்லை. போனவனையே திரும்பக் கட்டிக்கொள்வதும் சாதாரணம். ஒரு காதல் கதைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரே இருவர் இரண்டாம் முறை கல்யாணம் செய்துகொள்கிறார்கள். முதல் தடவை தெரியாத எல்லாமே இந்தத் தடவை தெரியும், அவன் குறட்டை உட்பட.

நான் எடுக்கச் சொல்கிற படத்தைச் சொல்லிவிடுகிறேன். உரிமை எதுவும் கேட்கமாட்டேன், தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தலாக் ஆன பெண்ணுக்கு இத்தா என்கிற காத்திருப்புக் காலம் உண்டு, சுமார் மூன்று மாதம். மீட்டுக்கொள்ளக்கூடிய தலாக் என்றால் அந்தக் காலத்தில் அவளை வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்பது குர்ஆன் வசனம், சூரா தலாக்கின் முதல் ஆயத்திலேயே இருக்கிறது. செலவும் கணவன் பொறுப்பு. ஆனால் இருவரும் சேர்ந்து படுக்க முடியாது, தனி அறை வேண்டும். இப்போது இதை மாலேயில் கொண்டுபோய் வையுங்கள். தீவே சுமார் இரண்டு சதுர கிலோமீட்டர்தான். ஒரு ஃப்ளாட்டில் மூன்று தலைமுறை, ஹாலைத் தடுப்புப் பலகையால் இரண்டாக்கி அதில் ஒரு குடும்பம். தனி அறைக்கு எங்கே போவது? அவன் ஹாலில் பாய் போட்டுப் படுக்கிறான். விடியற்காலையில் அவன் தங்கை வேலைக்குக் கிளம்பும்போது அவன் மேல் இடறுகிறாள். இவள் சமையல்கட்டில் காலை உணவுக்கு மீனும் தேங்காய்த் துருவலும் சேர்த்து மஸ் ஹுனி பிசைகிறாள். எத்தனை பேருக்கு என்று கணக்குப் போடும்போது அவனைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு நொடி கை நிற்கிறது. மாமியார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வெற்றிலை மெல்லுகிறாள். மூன்று மாதம் இப்படி.

இதில் உங்களுக்கென்றே ஒரு வசதி இருக்கிறது. நீங்களும் எங்கள் கடற்கரை முஸ்லிம்களும் ஷாஃபிஈ மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு). ஹனஃபி என்ற இன்னொரு பிரிவினரிடம் கணவன் மனைவியைச் சேர்ந்துவிட்டாலே மீட்டுக்கொண்டதாக ஆகிவிடும். ஷாஃபிஈயில் அது செல்லாது. உன்னைத் திருப்பிக்கொண்டேன் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொல்லாத வரைக்கும் எந்தப் பார்வையும் எந்தப் பெருமூச்சும் கணக்கில் வராது. ஒரு வாக்கியம் சொல்லத் தெரியாத ஆண்பிள்ளை ஒருவனுக்கு மூன்று மாதக் கெடு கொடுத்து, அவன் சொல்வானா மாட்டானா என்று இரண்டு மணி நேரம் உட்காரவைக்கலாம். நடுவில் அவள் கர்ப்பம் என்று தெரிந்தால் கெடு பிரசவம் வரைக்கும் நீளும். அதோடு, அவன் சொன்னால் அவள் சந்தோஷப்படுவாளா என்பதும் உறுதியில்லை. மார்க்கச் சட்டமான ஃபிக்ஹுப்படி, இப்படித் திருப்பிக்கொள்ளும் ருஜூவுக்கு அவள் சம்மதம் கேட்கப்படுவதில்லை. நீங்கள் உங்கள் படத்தில் கேட்கலாம். நான் எடுத்தால், அவன் தட்டுத்தடுமாறிச் சொல்லப்போகிற நேரத்தில் அவள் கையைக் காட்டி நிறுத்துகிற காட்சிக்காகவே படம் எடுப்பேன்.

தணிக்கைக்கும் இந்தக் கதை தோது. வகைப்படுத்தும் அலுவலகம் எதை வெட்டும் எதை விடும் என்று நீங்கள் படும் கவலை எனக்குத் தெரியாததில்லை. தொடுவதே கூடாது என்பது கதையின் விதியாகிவிட்டால் அவர்களுக்கு வெட்ட என்ன மிஞ்சும்?

இந்த ஒரே கூரை விவகாரம் உங்கள் நாட்டில் புதிதில்லை. 1343-44-இல் அங்கே காழியாக (நீதிபதியாக) இருந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதா எழுதி வைத்திருக்கிறார். விவாகரத்தான பெண்கள் அடுத்த கல்யாணம் ஆகும் வரை பழைய கணவன் வீட்டிலேயே தங்கியிருப்பது அந்த ஊர் வழக்கம். மொரோக்கோக்காரருக்கு இது பொறுக்கவில்லை. அப்படி வைத்திருந்த ஆண்கள் இருபத்தைந்து பேரைப் பிடித்துவரச் செய்து சவுக்கால் அடித்து, கடைத்தெருவில் சுற்றிக்காட்டி, பெண்களை வெளியே அனுப்பினார். அதே மனிதர் அந்தத் தீவுகளில் பல பெண்களைக் கட்டினார், அங்கே மஹர் குறைவு, கல்யாணம் சுலபம் என்று ரசித்து எழுதினார். மனைவிமார் தன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்கிறார்களே என்று அலுத்துக்கொண்டார். இடுப்புக்கு மேலே உடுத்தச் சொல்லி உத்தரவு போட்டும் பெண்கள் கேட்கவில்லை என்பதையும் மறைக்கவில்லை. கடைசியில் மந்திரியோடு பிணங்கிக் கிளம்பியபோது மனைவியரை விட்டுப் போனார், அதில் ஒருத்தி கர்ப்பிணி.

அவர் அங்கிருந்து இலங்கை வழியாக எங்கள் கரைக்கு வந்து, மதுரை சுல்தான் கியாஸுத்தீனிடம் (அவர் இவருக்குச் சகலை முறை) மாலத்தீவு மேல் படையெடுக்கலாம் என்று ஆசை காட்டியதும், உங்கள் ராணியின் தங்கையைச் சுல்தானுக்குப் பேசி முடிக்கத் திட்டம் போட்டதும், அதற்குள் சுல்தான் நோயில் போய்ச் சேர்ந்ததும் தனிக்கதை. உங்களுக்கு ஒரு கண்டம் தப்பியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அவர் பயணத்தில் மறக்க முடியாத இடம் வேறொன்று. சில காலம் கழித்து அவர் மறுபடி உங்கள் தீவுக்கு வருகிறார், இரண்டு வயது மகனைப் பார்க்க. கூட்டிப்போகலாம் என்று எண்ணம். தாய் முறையிடுகிறாள். பிள்ளையைப் பார்த்துவிட்டு, அவன் அங்கேயே இருப்பதுதான் அவனுக்கு நல்லது என்று விட்டுவிட்டுப் போகிறார். அவ்வளவுதான் எழுதியிருக்கிறார், சில வரிகள். அந்தப் பெண் அந்த நாட்களை எப்படிக் கழித்தாள், வந்தவனுக்குச் சோறு போட்டாளா, பையன் யாரென்று கேட்டதற்கு என்ன சொன்னாள் என்பதெல்லாம் அவர் எழுத்தில் இல்லை. அது நீங்கள் எழுத வேண்டியது. சரித்திரப் படமாக எடுக்கக் காசில்லை என்றால் இன்றைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், கப்பலுக்குப் பதிலாக விமானம்.

தீவுக் கதைகளுக்கு வருகிறேன். ஆயிரத்து இருநூறு தீவில் ஆள் வாழ்வது இருநூறுக்கும் குறைவான தீவுகளில். பாதிக்கு மேல் ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர்கள். அங்கே பிரிந்தவன் எங்கே போவான்? துறையில் அவன்தான் கயிறு வாங்கிக் கட்டுகிறான், ஹெதிகா என்கிற பலகாரக் கடையில் அவன்தான் முன்னால் நிற்கிறான், ஜோலி என்கிற கயிற்று இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தால் எதிர்ச் சாரியில் அவன். அவனுடைய புது மனைவி உன் ஒன்றுவிட்ட அக்காள். அவன் கல்யாணத்துக்கு உன் அம்மா ரொட்டி சுட்டுக் கொடுக்கிறாள், ஏனென்றால் ஊரே சுடுகிறது. நீங்கள் இப்படிப்பட்ட தீவுகளில்தான் படப்பிடிப்பு நடத்துகிறீர்கள். ஆனால் கேமரா கடற்கரையையும் தென்னையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. பாட்டுக்கு அது போதும். பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாளில் எத்தனை தடவை அந்த வழியாக நடக்கிறாள் என்பதில்தான் கதை இருக்கிறது.

ரிசார்ட் மனைவிகள் இன்னொரு கூட்டம். 1972-இல் முதல் ரிசார்ட் திறந்ததிலிருந்து அரை நூற்றாண்டாக ஆண்கள் வேறொரு தீவில் போய் வேலை பார்த்து, விடுமுறைக்கு ஸ்பீட்போட்டில் வீடு வருகிறார்கள். பெண்கள் அந்த வேலைக்குப் போவது இன்றும் குறைவு. வருகிறவன் விருந்தாளி மாதிரி இருக்கிறான். பிள்ளைகள் அவனிடம் அனுமதி கேட்பதில்லை, அம்மாவிடம் கேட்கின்றன. வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய எங்கள் ஊருக்கு இது நன்றாகப் புரியும். இதற்கு வில்லி தேவையே இல்லை. கணவனும் நல்லவன், மனைவியும் நல்லவள், வீட்டில் இடம்தான் இல்லாமல் போயிற்று.

உங்கள் பழங்கதையைப் பாருங்களேன். தோன் ஹியாலாவும் அலிஃபுள்ளுவும் கைப்பிடித்த பிறகுதான் ராசாவின் கண் அவள் மேல் விழுகிறது, பிறகுதான் கதை சூடு பிடிக்கிறது. உங்கள் பாட்டிமார் கல்யாணத்தைக் கதையின் முடிவாக வைக்கவில்லை. அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு இந்தியிடம் போய்க் கடன் வாங்கியிருக்க வேண்டியதில்லை.

இதைப் படித்துவிட்டு, விவாகரத்தைக் கொண்டாடச் சொல்கிறான் என்று யாராவது கிளம்பினால் அது நான் சொன்னது இல்லை. எளிதாக முறிவதன் செலவைப் பெரும்பாலும் பெண்தான் கட்டுகிறாள் என்பதை மாலேயில் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் அவளோடு, வாடகை அவள் தலையில், ஜீவனாம்சம் ஒரு மாதம் வரும் ஒரு மாதம் வராது. 2000-இல் நிறைவேறி அடுத்த ஆண்டு அமலுக்கு வந்த உங்கள் குடும்பச் சட்டம் இதற்காகத்தான் கோர்ட்டை நடுவில் கொண்டுவந்தது. வீட்டில் வாயால் தலாக் சொல்லிவிட்டுப் போவதற்கு இப்போது அபராதம் உண்டு. உங்கள் படங்களில் மழையில் நனைந்துகொண்டு தலாக் சொல்லும் கதாநாயகர்களில் ஒருவன்கூட அந்த அபராதத்தைக் கட்டி நான் பார்த்ததில்லை! அந்தக் கோர்ட் வராந்தாவையாவது காட்டுங்கள். சமரசத்துக்கு உட்காரவைக்கிற அறை, ஒரே பெஞ்சில் இடைவெளி விட்டு உட்கார்ந்திருக்கும் இருவர், அவள் தண்ணீர் குடிக்க எழுந்தபோது அவனும் பழக்கத்தில் எழுவது. வசனமே வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கணவன் பலவந்தம் செய்வான், பிறகு அவள் மனம் இளகும் என்கிற வகைக் காட்சி எங்கள் தமிழ்ப் படங்களில் ஏராளம், அதை எந்தக் காரணத்துக்காகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் நாட்டில் 2012-இல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது, 2021-இல் மனைவி மேல் நடக்கும் வன்புணர்வையும் முழுமையாகக் குற்றமாக்கிவிட்டீர்கள். அந்த விஷயத்தில் உங்கள் சட்டம் இந்தியச் சட்டத்துக்கு முன்னால் போய்விட்டது. சினிமா பின்னால் வந்து நிற்கக் கூடாது.

மாற்றாந்தந்தைகளைப் பற்றியும் யாராவது எழுதுங்கள். உங்கள் ஊரில் ஒரு பையனுக்கு இரண்டு வாப்பா, அரை டஜன் பாட்டி, வேறு வேறு வீடுகளில் உடன்பிறப்புகள் என்று இருப்பது சகஜம். பெருநாளன்று அவன் எத்தனை வீட்டுக்குச் சலாம் சொல்லப் போகிறான், எந்த வீட்டில் முதலில் சாப்பிடுகிறான் என்பதிலேயே ஒரு குடும்ப அரசியல் இருக்கிறது. படங்களில் வரும் சித்தி மட்டும் இன்னும் விறகுக் கட்டையோடு நிற்கிறாள்.

எங்கள் காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் மாமியார் வீட்டுக்கு வருகிறார். பிணக்கு வந்தால் பெட்டியைத் தூக்குகிறவரும் அவரே. ஒரே கடல், ஒரே மத்ஹப், ஆனால் கதவு யார் பெயரில் இருக்கிறது என்பதை வைத்து கல்யாணமே வேறாகிவிடுகிறது. எங்களிடம் இதைப் படமாக எடுக்க ஆளில்லை. உங்களிடம் இயக்குநர்கள் இருக்கிறார்கள், நல்ல நடிகைகள் இருக்கிறார்கள், நியூமா முஹம்மதும் மரியம் மஜூதாவும் வசனமில்லாமலே ஒரு காட்சியைத் தூக்கி நிறுத்தக்கூடியவர்கள். அவர்களை இன்னும் எத்தனை காலம் அழவைத்துக்கொண்டே இருப்பீர்கள்?

படத்தை எடுத்தபின் ஒரு காரியம் செய்யுங்கள், சப்டைட்டில் போடுங்கள். 2022 கணக்கெடுப்புப்படி உங்கள் குடிமக்கள் நாலு லட்சத்தைத் தொடவில்லை. லட்சத்தீவின் மினிக்காய் மக்களைச் சேர்த்தாலும் பெரிதாக ஏறாது. பைஸ்கோஃபு போன்ற செயலிகள் வந்தபிறகு உங்கள் படத்தைத் தூத்துக்குடியில் உட்கார்ந்து பார்க்க வழி பிறந்தது, ஆனால் பக்கத்தில் இருக்கும் என் மனைவிக்கு நான் வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, சோகக் காட்சியில் அது சரிப்பட்டு வரவில்லை. ஆங்கிலத்தில் போட்டால் போதும். தமிழிலும் போட நினைத்தால், திவெஹி பேசத் தெரிந்த, இத்தாவுக்கும் ருஜூவுக்கும் விளக்கம் கேட்காத ஆட்கள் எங்கள் ஊரில் பத்துப் பேராவது தேறுவார்கள். கூலி வேண்டாம், படத்தை முதலில் எங்களுக்குக் காட்டினால் சரி.

இப்படிக்கு,
காயல்பட்டினத்திலிருந்து உங்கள் ரசிகன்